தக்காளி நாளும் நான் அனுப்பிவிட்ட போத்தல்களும்

அன்று அந்தத் தோட்டத்தில் இருந்தவர்கள் இவ்வளவு பேர்தான்: முதலாளி, முதலாளியின் மனைவி, மனைவியின் அக்கா, அக்காவின் கணவர், பக்கத்துத் தோட்டத்து ஜேர்மன் அம்மா, நான். பதினொரு மணிக்குப் பிறகு பேர்லினின் நொய்கெல்ன் பகுதியில் தமிழ்க்கடை வைத்திருக்கிற அண்ணை தன்னுடைய வான் வண்டியோடு வந்து சேர்ந்தார். ஆக ஏழு பேர். இதை எழுதும்போதும் விரல் விட்டு ஒருமுறை எண்ணிச் சரிபார்த்துக்கொண்டேன். எதையும் ஒருமுறை எண்ணினால் எனக்குப் போதாது.

முதலாளி இத்தாலிக்காரர். ஹெர்மன்பிளாட்ஸுக்குப் பின்னால் ஒரு குறுக்குத்தெருவில் பதினொரு மேசை போட்டு உணவகம் நடத்தினார். அவருடைய தகப்பன் கூலிவேலைக்கென்று ஜேர்மனிக்கு வந்தவர். இவர் ஆறு வயதில் தாயோடு வந்து சேர்ந்தவர். ஊர் எங்கே என்று நான் கேட்டபோது மேசையில் கிடந்த மாவை உள்ளங்கையால் பரப்பி, விரலால் இத்தாலியை ஒரு சப்பாத்துக் காலணியாக வரைந்து, குதிக்காலுக்கும் உள்ளங்காலுக்கும் நடுவில் வளைகிற இடத்தில் ஒரு புள்ளி வைத்தார். பிறகு அந்தப் புள்ளிக்குள்ளேயே வீடு, கிணறு, தகப்பன் வேறொருவருக்காக உழுத வயல், கடைசியில் சொந்தமாக வாங்கிய கால் துண்டு நிலம் எல்லாவற்றையும் வரைந்தார். வரைந்து முடித்த மாவை வீணாக்காமல் கூட்டி அள்ளிப் பிசைந்து சுட்டார். இத்தாலியை நான் இன்றுவரை நேரில் பார்த்ததில்லை. ஆனால் அந்தக் கால் துண்டு நிலத்தில் எந்த மூலையில் தண்ணீர் தேங்கும் என்று எனக்குத் தெரியும்.

நான் அங்கே சேர்ந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. சட்டி கழுவினேன், சலாட் வெட்டினேன், பிறகு மா உருட்டினேன். அதற்கு முன்பு நான்கு உணவகங்களில் வேலை செய்திருக்கிறேன். நான்கிலும் சமையற்கட்டில் நாங்கள் நின்றபடியே எதையாவது வாய்க்குள் தள்ளிக்கொண்டு வேலை பார்த்தோம். இங்கே மட்டும் வாசல் திறப்பதற்கு முன் ஐந்து மணிக்கு எல்லோரும் இருந்து சாப்பிட வேண்டும். சட்டி கழுவுகிறவனும் இருக்க வேண்டும். முதல் நாள் நான் சாப்பாட்டுக் கோப்பையோடு ஓரமாக நின்றபோது முதலாளியின் மனைவி எனக்கு ஒரு கதிரையை இழுத்துப் போட்டார். அது இரக்கம் இல்லை, ஒழுங்கு. அவர்களுடைய வீட்டில் சாப்பாடு என்றால் அப்படித்தான். எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது. பிடித்ததனாலேயே அந்த வேலை போய்விடுமோ என்ற பயமும் கூடிக்கொண்டே இருந்தது.

பயத்துக்கு வேறு காரணமும் இருந்தது. என் மனைவி யாழ்ப்பாணத்தில் இருந்தாள். கல்யாணம் கட்டி இரண்டு வருடமும் நான்கு மாதமும். அதில் நாங்கள் ஒன்றாக இருந்தது கொழும்பில் பத்தொன்பது நாள். அவளை இங்கே கூப்பிட வெளிநாட்டவர் அலுவலகம் கேட்டவை மூன்று: போதுமான அளவு வீடு, போதுமான சம்பளம், முடிவுத் திகதி போடாத வேலை ஒப்பந்தம். வீடு எடுத்துவிட்டேன். முழுநேர வேலையும் நிரந்தர ஒப்பந்தமும் தருகிறேன் என்று முதலாளி வாய்ச்சொல் கொடுத்திருந்தார். கணக்காளர் அடித்த கடதாசி சனிக்கிழமைதான் அவர் கைக்கு வந்தது. உணவகத்தில் சனமோ சனம். அவர் அதை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்து, திங்கட்கிழமை தோட்டத்தில் ஆறுதலாகக் கையெழுத்து வைக்கிறேன் என்றார். வெளிநாட்டவர் அலுவலகம் எனக்குக் குறித்துத் தந்த நேரம், இங்கே டெர்மின் என்பார்கள், செவ்வாய்க்கிழமை காலை எட்டரைக்கு. அதைத் தவறவிட்டால் அடுத்தது நான்கு மாதத்துக்குப் பிறகு. ஊரில் சமாதானம் கிழியத் தொடங்கியிருந்த நேரம். நான்கு மாதத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு வருகிற பாதை திறந்திருக்குமா, மூடியிருக்குமா என்று ஒருவருக்கும் தெரியாது.

திங்கட்கிழமை உணவகம் பூட்டு. அதுதான் அவர்களுக்குத் தக்காளி நாள். வருடத்தில் ஒரு நாள், கோடை முடிகிற நேரம், ஊரிலிருந்து தக்காளி இறக்குவித்து, குடும்பமாகக் கூடி, வருடம் முழுவதற்குமான சாற்றைக் காய்ச்சிப் போத்தலில் அடைப்பார்கள். வேலைக்கு வருகிறாயா என்று முதலாளியின் மனைவி என்னைக் கேட்டதையே நான் பெரிய கௌரவமாக நினைத்தேன். சம்பளம் இல்லை, பங்கு உண்டு என்றார்.

இனி வெள்ளிக்கிழமை நடந்ததைச் சொல்ல வேண்டும்.

உணவகத்தின் நிலவறையில் வலதுபக்கச் சுவரோடு இருபது பியர்ப்பெட்டிகள் இருந்தன. பெட்டிக்கு இருபது வெறும் போத்தல். எல்லாம் கழுவி, லேபல் சுரண்டி, ஒரு தூசு இல்லாமல் கவிழ்த்து வைக்கப்பட்டவை. நான் கீழே போகும்போதெல்லாம் அவற்றைப் பார்த்து வியந்திருக்கிறேன். என்ன மாதிரியான மனிதர்கள் என்று நினைப்பேன். காசுக்குத் திருப்பிக் கொடுக்கப்போகிற வெறும் போத்தலைக்கூடக் கழுவித் துடைத்தல்லவா கொடுக்கிறார்கள். இதை நான் தொலைபேசியில் மனைவிக்கும் சொல்லியிருக்கிறேன்.

வெள்ளி காலை நான் தனியாக இருந்தபோது குடிவகை லொறிக்காரன் வந்தான். புதுப் பெட்டிகளை இறக்கிவிட்டு, கொண்டுபோக வெறும் போத்தல் இருக்கிறதா என்று கேட்டான். வலதுபக்கச் சுவரைக் காட்டினேன். அவன் ஒரு போத்தலை எடுத்து, லேபல் இல்லாததைப் பார்த்து, தோளைக் குலுக்கி, ஏற்றினான். நானும் கூட ஏற்றினேன். இருபது பெட்டி, பெட்டிக்கு வைப்புக்காசு மூன்று யூரோ பத்துச் சதம், மொத்தம் அறுபத்திரண்டு யூரோ வரவு என்று துண்டு எழுதினான். நான் கையெழுத்து வைத்தேன். அந்த வாரம் எங்கள் தெருவில் இரண்டு கடைகளுக்குச் சுகாதாரப் பரிசோதகர் வந்து போயிருந்தார். எங்களிடம் வந்தால் நிலவறையில் இவ்வளவு பெட்டி ஏன் என்று கேட்பாரோ என்று இரண்டு நாளாக யோசித்துக்கொண்டிருந்தேன். இடம் வெறுமையானதும் தண்ணீர் அடித்துக் கூட்டி விட்டேன். முதலாளி பார்த்துச் சந்தோஷப்படுவார், திங்கட்கிழமை நல்ல மனதோடு கையெழுத்து வைப்பார் என்று நினைத்தேன். சனியும் ஞாயிறும் இருந்த சனத்தில் ஒருவரும் அந்தப் பக்கம் போகவில்லை.

தோட்டம் பேர்லினின் தெற்கில், பிரிட்ஸ் பக்கம். சங்கம் வாடகைக்குக் கொடுக்கிற சின்னத் தோட்டங்களில் ஒன்று. ஒரு கொட்டில், ஒரு பிளம்ஸ் மரம், கொடிமுந்திரிப் பந்தல். வேலியில் சங்கத்தின் விதிகள் ஒட்டியிருக்கும். ஒரு மணியிலிருந்து மூன்று மணிவரை இயந்திரச் சத்தம் கூடாது என்பது அதில் மூன்றாவது. நான் போன முதல் நாளே எல்லாவற்றையும் வாசித்து வைத்திருந்தேன்.

காலை ஆறு மணிக்கு லொறி வந்து வாசலில் தக்காளியை இறக்கியது. பதினைந்து மரப்பெட்டி, முந்நூறு கிலோ. நீளமான, கூர் மூக்கு வைத்த தக்காளி. கடையில் கிடைக்கிறதைப் போல மினுக்கமில்லை. மண் ஒட்டியிருந்தது, சிலதில் காய்ந்த பூவின் நுனி இன்னும் இருந்தது. மூடியைத் திறந்தவுடன் வெயிலில் காய்ந்த இலையின் மணம் எழும்பி, அந்த ஈரமான பேர்லின் காலையை ஒருபக்கம் தள்ளிவிட்டது. முதலாளியின் மனைவி ஒன்றைக் கையாலே பிளந்து, உப்புக்கல் தூவி என்னிடம் நீட்டினார். அதுவரை தக்காளி என்றால் குழம்புக்குப் புளிப்புச் சேர்க்கிற சாமான் என்றுதான் நினைத்திருந்தேன். அதைப் பழம் என்று நான் அறிந்தது அன்றைக்குத்தான். ஆனால் மூன்று நாள் வெக்கையில் லொறியில் வந்த பழம். அடிப்பெட்டிகளில் வெடிக்கத் தொடங்கியிருந்தது. இன்றைக்கு அடைக்காவிட்டால் நாளைக்குக் குப்பைக்குத்தான் போகும் என்று அவர் சொன்னார்.

அக்காவும் கணவரும் வொல்ஃப்ஸ்பூர்க்கிலிருந்து முதல் நாளே வந்திருந்தார்கள். அக்கா கொஞ்சமாகப் பேசுகிற மனுஷி. கணவர் கார்த் தொழிற்சாலையில் முப்பது வருடம் நின்று ஓய்வு பெற்றவர், எதற்கும் சிரிப்பவர். எட்டு மணிக்கு முதலாளியும் அவரும் போத்தல் எடுத்துவர உணவகத்துக்குப் போனார்கள். என்ன போத்தல் என்று அப்போதுகூட எனக்கு ஓடவில்லை. வீட்டிலே கண்ணாடிப் போத்தல் வைத்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டு தக்காளியின் மூக்கை வெட்டிக்கொண்டிருந்தேன்.

வெறும் வானோடு திரும்பி வந்தார்கள். முதலாளியின் முகம் வெளுத்திருந்தது. நிலவறைக்குள் கள்ளன் புகுந்திருக்கிறான், நானூறு போத்தலையும் கொண்டுபோய்விட்டான், போகிறபோது தரையைக் கழுவியும் விட்டிருக்கிறான் என்றார். அவருடைய மனைவி திங்கட்கிழமைகளில் குந்தியிருந்து, பனிக்காலம் முழுக்கக் கழுவிச் சேர்த்த போத்தல்கள் அவை. பொலிசுக்கு அறிவிக்கப் போகிறேன் என்று முதலாளி தொலைபேசியை எடுத்தார்.

பொலிஸ் என்ற சொல்லைக் கேட்டதும் பர்சை எடுத்தேன். லொறிக்காரன் எழுதிய துண்டு அதற்குள் இருந்தது. நான் எந்தத் துண்டையும் எறிவதில்லை. அதை எடுத்து முதலாளியின் மனைவியிடம் நீட்டினேன். அவர் வாசித்தார். திரும்பவும் வாசித்தார். பிறகு கையெழுத்தையும் என்னையும் பார்த்தார்.

முதலில் சிரித்தது அக்காவின் கணவர். கள்ளன் தரையைக் கழுவிய காரணம் இப்போது விளங்குகிறது என்றார். முதலாளி சிரிக்கவில்லை. என்னை ஒரு பார்வை பார்த்தார், வாயைத் திறந்தார். அவருடைய மனைவி சுட்டுவிரலை உயர்த்தினார். முதலாளி வாயை மூடிக்கொண்டு, கொட்டிலுக்குப் பின்னால் போய், பிளம்ஸ் மரத்தைப் பார்த்து அவருடைய ஊர்ப் பாஷையில் நெடுநேரம் சத்தம் போட்டார்.

எனக்கு விளக்கம் சொன்னவர் முதலாளியின் மனைவிதான். தக்காளி நாளில் யாரும் யாரையும் திட்டக் கூடாதாம். அவருடைய தாய் வீட்டில் அப்படி, தாயின் தாய் வீட்டிலும் அப்படி. கோபத்தோடு அடைத்த சாறு புளித்துப்போகும், வருடம் முழுக்க அந்தக் கோபத்தைத்தான் தின்ன வேண்டிவரும் என்று நம்புகிறார்கள். ஆகையால் அவர் உன்னோடு இன்றைக்குப் பேச மாட்டார், பேசினால் திட்டிவிடுவார், நீ பயப்படாதே என்றார்.

திட்டினால் நான் தாங்கியிருப்பேன். திட்டு வாங்கிப் பழகியவன். திட்டாமல் ஒரு மனிதர் சட்டைப் பையில் என்னுடைய கடதாசியை வைத்துக்கொண்டு அங்கும் இங்கும் நடப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் ஏலாமல் இருந்தது. பையின் விளிம்பில் கடதாசியின் வெள்ளை நுனி ஒரு விரல் அளவுக்குத் தெரிந்தது. அன்று முழுக்க என் கண் அதிலேதான் இருந்தது.

குடிவகைக் கடைக்குத் தொலைபேசி எடுத்தார்கள். பெட்டிகள் சனிக்கிழமையே பியர்த் தொழிற்சாலைக்குப் போய்விட்டன. புதுக் கண்ணாடிப் போத்தல் வாங்குவதென்றால் விலையைக் கேட்டு அக்கா தலையில் கைவைத்தார். அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. சனிக்கிழமை எங்கள் ஆட்களுடைய ஒரு சாமத்தியவீடு, பிள்ளை பெரியவளான கொண்டாட்டம். மண்டபத்துக்குக் குடிவகை கொடுத்தது தமிழ்க்கடை அண்ணை. வெறும் போத்தல் அவருடைய கடைக்குப் பின்னால்தான் இருக்கும். கொடிமுந்திரிப் பந்தலுக்குக் கீழே ஒதுங்கி நின்று அவருக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"அண்ணை, சனிக்கிழமைக் கொண்டாட்டத்துப் போத்தல் திருப்பிக் குடுத்திட்டியளோ?"

"இன்னும் இல்லை. ஏன்ரா தம்பி, விடிஞ்ச உடனேயே தொடங்கீட்டியோ?"

"குடிக்கக் கேக்கேல்லை அண்ணை. வெறும் போத்தல்தான் வேணும். தக்காளி அடைக்க."

"எத்தினை?"

"நானூறு."

அண்ணை வாய்விட்டுப் பெட்டிகளை எண்ணுகிற சத்தம் கேட்டது. "எங்கட சனம் குடிச்சது முந்நூற்று நாப்பது. மற்ற அறுபதையும் குடிச்சுத் தரச்சொல்லி ஆக்களை எழுப்பவோ?"

நான் நடந்ததைச் சொன்னேன். கையெழுத்து, டெர்மின், மனைவி எல்லாம் ஒரே மூச்சில் சொல்லியிருப்பேன். அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு, தோட்டம் எங்கே இருக்கிறது என்று மட்டும் கேட்டார்.

பதினொரு மணி தாண்டி வான் வந்தது. பதினேழு பெட்டி. மண்டபத்துக்குப் பின்னால், கார் நிற்பாட்டுகிற இடத்தில், பெண்டுகளுக்குத் தெரியாமல் ஒளித்துக் குடித்த போத்தல்கள். ஒளித்தே முந்நூற்று நாற்பது. சிலதுக்குள் சிகரெட் கட்டை, சிலதுக்குள் கடலைத் தோல், ஒன்றுக்குள் சாமத்தியவீட்டு அழைப்பிதழின் மூலை. முதலாளி ஒன்றைத் தூக்கி மணந்து பார்த்துவிட்டுத் திரும்பவும் பிளம்ஸ் மரத்தின் பக்கம் போனார். அவருடைய மனைவி அண்ணையின் கையை இரண்டு கையாலும் பிடித்துக் குலுக்கினார். காசு எவ்வளவு என்று கேட்டதற்கு அண்ணை, இப்போது வேண்டாம், சாறு முடிய முடியப் போத்தலைத் திருப்பித் தந்தால் சரி என்று தன்னுடைய ஜேர்மனில் சொல்லி, கொப்பியில் 340 என்று எழுதினார்.

பன்னிரண்டரைக்குப் பக்கத்துத் தோட்டத்து அம்மா வேலியருகே வந்து நின்றார். தபால் கந்தோரில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். முறைப்பாடு சொல்லத்தான் வருகிறார், சங்கத்துக்கு எழுதப் போகிறார், தோட்டமும் என்னால் போகப்போகிறது என்று நினைத்தேன். அவர் ஒரு தகரத் தொட்டியையும் போத்தல் கழுவுகிற மூன்று தூரிகைகளையும் வேலிக்கு மேலால் தந்தார். ஒன்று தொடங்கி மூன்று மணிவரை இயந்திரம் ஓடக் கூடாது, ஆனால் தண்ணீர் சத்தம் போடாது என்றார். பிறகு சட்டைக் கையை மடித்துக்கொண்டு தானும் வந்துவிட்டார்.

ஆனால் ஒரு மணிக்கு ஒருவரும் தொட்டிக்குப் போகவில்லை. அக்கா மேசையில் வெள்ளை விரிப்பு விரித்தார். எனக்கு நம்ப முடியவில்லை. முந்நூறு கிலோ தக்காளி வெயிலில் வெடிக்கிறது, போத்தல் முழுக்க அழுக்கு, நேரம் ஓடுகிறது, இவர்கள் கோப்பை வைத்து, கோப்பைக்குப் பக்கத்தில் முள்ளுக்கரண்டியை நேராக வைக்கிறார்கள். காலையில் காய்ச்சிய முதல் சாற்றில் ஈரம் காயாத புது நூடில்ஸைப் பிரட்டி, மேலே எண்ணெய் விட்டு, ஏழு கோப்பையிலும் ஒரே அளவாகப் போட்டார்கள். அண்ணை எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "இவையளுக்குப் பதட்டமே வராதோடா?" என்றார்.  நாற்பது நிமிடம் இருந்து சாப்பிட்ட பிறகு நானும் என் முள்ளுக்கரண்டியை நேராக வைத்தேன்.

அந்தச் சாப்பாட்டில்தான் அக்காவின் கணவர் முதலாளியின் தகப்பனுடைய சூட்கேஸ் கதையைச் சொன்னார். அந்த மனிதர் முதன்முதலாக ஜேர்மனிக்கு ரயிலில் வந்தபோது இரண்டு சட்டையும் ஒன்பது போத்தல் சாறும் கொண்டு வந்தாராம். ஒவ்வொரு போத்தலையும் ஒரு பெனியனில் சுற்றி அடுக்கினாராம். எல்லையில் சூட்கேஸிலிருந்து சிவப்பாக ஒழுகுவதைக் கண்டு அதிகாரி துப்பாக்கியில் கை வைத்துவிட்டான். திறந்து பார்த்தால் ஒன்று உடைந்து, பெனியன் எல்லாம் தக்காளி. மற்ற எட்டையும் வைத்து, பதினாறு பேர் படுத்த அறையில் எட்டு ஞாயிற்றுக்கிழமை எல்லோருக்கும் சமைத்தாராம். அதிலே ஊரவன் வேறூரவன் என்று பார்க்கவில்லையாம். இந்தக் கதை ஒவ்வொரு தக்காளி நாளும் சொல்லப்படுவது என்பது முதலாளியின் முகத்தில் தெரிந்தது. அவர் கோப்பையைப் பார்த்துக்கொண்டு, வாய்க்குள் கூடவே சொல்லிக்கொண்டிருந்தார். நான் வந்தபோது என்ன கொண்டுவந்தேன் என்று யோசித்தேன். ஒரு விலாசம் எழுதிய துண்டு. அதையும் இன்னும் வைத்திருக்கிறேன்.

பிறகு கழுவினோம். ஏழு பேரும், சத்தமில்லாமல். லேபல் ஊறவைக்க ஒரு தொட்டி, தேய்க்க ஒன்று, அலச ஒன்று. பேசுவதென்றாலும் மெதுவாகத்தான். அக்கா ஒவ்வொரு போத்தலையும் ஒரு கண்ணை மூடி வெயிலுக்குப் பிடித்துப் பார்த்து, சரியில்லாததைத் திருப்பி அனுப்பினார். அண்ணைக்குப் பதினொன்று திரும்பி வந்தது. முதலாளிக்கு நான்கு. ஜேர்மன் அம்மாவுக்கு இரண்டு. எனக்கு ஒன்றும் வரவில்லை. நான் ஒவ்வொன்றையும் மூன்றுதரம் கழுவினேன். மூன்றாம் தரம் கழுவிய பிறகும் உள்ளே ஏதாவது இருக்குமோ என்று பார்த்தேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். எந்தச் சோதனையிலும் ஒரு பிழையும் இல்லாமல் வந்தது எனக்கு அது ஒன்றுதான். அக்கா கடைசியில் என் பக்கம் பார்த்துத் தலையை ஒருமுறை அசைத்தார். அது போதுமானதாக இருந்தது, ஒரு ஐந்து நிமிடத்துக்கு. பிறகு திரும்பவும் கடதாசியைப் பார்த்தேன். முதலாளி குனிந்து பெட்டி தூக்கும்போது பை நனைந்திருந்தது.

மூன்று மணிக்கு இயந்திரத்தை ஓட்டினார்கள். ஒருபக்கம் தோலும் விதையும் விழ, மறுபக்கம் சாறு தடித்து இறங்கியது. ஒருவர் ஊற்ற, ஒருவர் மூடி அடிக்க, ஒவ்வொரு போத்தலுக்குள்ளும் ஒரு பசிலிக்கம் இலை போடுகிற வேலை எனக்கு. அந்த இலை எங்கள் துளசிக்கு நெருங்கிய சொந்தம். மணம் கொஞ்சம் வேறு, காம்பும் நரம்பும் அதேதான். என்னையறியாமல் இடக்கையை மடியில் வைத்துக்கொண்டு வலக்கையால் மட்டும் போட்டேன். முந்நூற்று நாற்பதும் நிறைந்தன. போத்தலைப் பழைய துவாய்களில் சுற்றி, மூன்று பெரிய பீப்பாய்களில் அடுக்கி, தண்ணீர் விட்டு, காஸ் அடுப்பில் ஏற்றினார்கள். கொதித்த பிறகு அடுப்பை அணைத்து, அப்படியே தண்ணீருக்குள் ஆறவிட வேண்டும். அடுத்த நாள்தான் எடுப்பார்கள். இடையில் உள்ளே மங்கலாக ஒரு வெடிச்சத்தம். பிறகு இன்னொன்று. பிறகு ஒன்று. மூன்று போத்தல் போனது. ஒவ்வொரு சத்தத்துக்கும் நான் முதலாளியின் முகத்தைப் பார்த்தேன். அவர் பீப்பாயைப் பார்த்தார்.

மாலை ஏழரை இருக்கும். கடைசிப் பீப்பாய் கொதித்துக்கொண்டிருந்தது. வெயில் பந்தலுக்குக் கீழே இறங்கிவிட்டது. முதலாளி கொட்டில் வாசலில் இருந்து கை துடைத்துக்கொண்டிருந்தார். காலையிலிருந்து என்னோடு ஒரு சொல்லும் இல்லை.

"போய்க் கேளன்ரா," என்றார் அண்ணை.

"ஏலாது அண்ணை. நாளைக்குக் காலமை கேப்பம்."

"நாளைக்குக் காலமை எட்டரைக்கு உனக்கு டெர்மின். அப்ப ஆரிட்டைக் கேப்பாய்? பொறு, நான் கேக்கிறன். பிறகு உன்ர மனிசியையும் நானே போய்க் கூட்டிக்கொண்டு வாறன், நீ இதிலை இருந்து போத்தல் கழுவு."

எழும்பிப் போனேன். முதலாளிக்கு முன்னால் போய் நின்று, நாளைக்கு எட்டரை என்றேன்.  அவர் பையிலிருந்து கடதாசியை எடுத்து விரித்தார். வியர்வையில் ஊறி, ஒரு மூலையில் காசு அளவுக்குத் தக்காளிச் சாறு பட்டிருந்தது. மேசையில் வைத்து, கண்ணாடியைப் போட்டு, முதல் வரியிலிருந்து வாசித்தார். வாசித்து முடித்து, பேனையை எடுத்து, கையெழுத்துக்கு முன்பு வேலை விபரம் போட்ட இடத்தில் கையால் ஏதோ ஒரு வரி எழுதினார். பிறகு கையெழுத்து வைத்தார். என்னிடம் தந்தார். நான் எழுத்துக் கூட்டி வாசித்தேன். சமையல் உதவியாளர், முழுநேரம், முடிவுத் திகதி இல்லை. அதற்குக் கீழே அவருடைய கையெழுத்தில்: இவர் வெறும் போத்தல்களுக்குக் கையொப்பம் இடக் கூடாது.

நான் தலையை உயர்த்தியபோது அவர் இன்னும் பேசவில்லை. விதி விதிதான். ஆனால் கையால் என் பிடரியைப் பிடித்து ஒருதரம் உலுக்கிவிட்டார். அவருடைய மனைவி அதற்கும் விரலை உயர்த்தினார்.

செவ்வாய் காலை எட்டு மணிக்கே அலுவலக வாசலில் நின்றேன். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் கடதாசியை வாங்கி, சிவப்பு மூலையைப் பார்த்து, இது என்ன என்றார். தக்காளி என்றேன். கையால் எழுதிய வரியை வாசித்தார். திரும்பவும் வாசித்தார். இது என்ன என்று கேட்கவில்லை. எழும்பிப் போய் உள்ளே இன்னொருவரிடம் காட்டினார். அவர்கள் திரும்பி வருவதற்குள் நான் எத்தனை விதமாகச் செத்தேன் என்று சொல்ல முடியாது. வந்து பிரதி எடுத்து, முத்திரை குத்தி, மற்ற விபரங்கள் தபாலில் வரும் என்றார்.

வெளியே வந்து மனைவிக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"வைச்சிட்டாரோ?" என்றாள். வணக்கம் சொல்லவில்லை, சுகம் கேட்கவில்லை.

"வைச்சிட்டார்."

"அப்ப இனி ஒண்டுக்கும் யோசிக்காதேங்கோ."

யோசித்துக்கொண்டுதான் இருந்தேன். விசா வர இன்னும் பதினொரு மாதம் எடுத்தது.

அன்று மாலை ஆறிய போத்தல்களை எடுத்துப் பங்கு பிரித்தார்கள். ஏழு கைக்கும் ஆளுக்கு இருபது, மிச்சம் நூற்றுத்தொண்ணூற்றேழும் உணவகத்துக்கு. ஜேர்மன் அம்மாவுக்கும் இருபது, போத்தலைத் தொலைத்த எனக்கும் இருபது. கூட வேலை செய்த கைக்குக் குறைத்துக் கொடுக்கிற வழக்கம் அவர்களிடம் இல்லை. முதலாளி அன்றைக்கு என்னைத் திட்டினார். ஒரு நாள் பிந்தி, ஒழுங்காக, கால்மணி நேரம் திட்டினார். எனக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்தது. வெடித்த மூன்று போத்தலுக்கும், போத்தல் எட்டுச் சதப்படி, இருபத்துநான்கு சதத்தை அண்ணையின் கையில் எண்ணி வைத்தார். அண்ணை அதை ஆயிரம் யூரோ வாங்குகிறவர் போல வாங்கி, கொப்பியில் எழுதினார்.

என் பங்கில் பத்தொன்பதை அந்தப் பதினொரு மாதத்தில் முடித்தேன். ஒன்றை மட்டும் திறக்கவில்லை. மனைவி வந்து இறங்கிய இரண்டாம் நாள், மேசையில் விரிப்பு விரித்து, இரண்டு கோப்பை வைத்து, கரண்டியை நேராக வைத்து, அந்தப் போத்தலைத் திறந்தேன். அவள் ஒருவாய் சாப்பிட்டுவிட்டு உறைப்பு எங்கே என்று கேட்டாள். பிறகு இரண்டாம் தரமும் போட்டுச் சாப்பிட்டாள். அடியில் ஒட்டியிருந்த இலையை விரலால் எடுத்து மணந்து, இது துளசியல்லோ என்றாள்.

அந்தப் போத்தலை மூன்றுதரம் கழுவி யன்னலில் வைத்தேன். திருப்பிக் கொடுக்க மனம் வரவில்லை. மற்றவை எல்லாம் வருடத்துக்குள் அண்ணையிடம் போய்ச் சேர்ந்துவிட்டன. முந்நூற்று முப்பத்தாறு போத்தலாக வந்தது, மூன்று காசாக வந்தது. ஒன்றின் கணக்கு அவருடைய கொப்பியில் திறந்தபடி இருக்கிறது. கடைக்குப் போகிற போதெல்லாம் அந்தப் பக்கத்தை எடுத்துக் காட்டுவார். காசை நீட்டினால் வாங்க மாட்டார், போத்தல்தான் வேண்டும் என்பார். போத்தலை நான் கொடுக்க மாட்டேன். அதனால் இன்றுவரை நான் அவருக்குத் தர வேண்டியது எட்டுச் சதம்.